லைனைக் கட் பண்ணும் அறிவிப்பாளருக்கு நமதூர் ரசிகர்கள் எழுதுவது



அன்பின் நமதூர் உறவுகளே,

இது நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள ஆறு கோரிக்கைகளை மட்டும் வாசித்தாலும் போதும். நேரமுள்ளவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்திடுங்கள். வாசிக்காமலேயே "சேர், உங்களுக்கு வேற வேல இல்லையா" என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: வேலை இருக்கிறது. தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு மேசையில்தான் கிடக்கிறது. ஆனால் இதுவும் எங்கள் வேலைதான்.

விடயம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இஷாத் தொழுகைக்குப் பிறகு நமதூர் இணைய வானொலியில் போகும் அந்த விளையாட்டு நிகழ்ச்சி. வானொலியின் பெயரையோ அறிவிப்பாளரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. ஊருக்குத் தெரியும். யாருடைய மானத்தையும் வாங்குவது எங்கள் நோக்கமல்ல. அதைத்தான் அந்த நிகழ்ச்சி ஒவ்வொரு வாரமும் செய்கிறது என்பதே எங்கள் முறைப்பாடு.

நாங்கள் என்றால் யார் என்று கேட்பீர்கள். மைதானத்து மதிலில் ஏறியிருந்து ஆட்டம் பார்ப்பவர்கள். கழகச் சீருடைக்குச் சந்தா கொடுப்பவர்கள். பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள் சிலர். முன்பு உதைபந்தாடி முழங்கால் போன காக்காமார் சிலர். கட்டாரிலும் சவூதியிலும் இருந்துகொண்டு ஊர் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கையை வட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கும் தம்பிமார் பலர். எல்லோரும் ஒரே கழகத்துக்காரர்கள் அல்ல. சுற்றுப்போட்டிக் காலத்தில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இந்த விடயத்தில் ஒன்றாக நிற்கிறோம். அதிலிருந்தே நிலைமையை விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் நன்றி. இந்த நிகழ்ச்சி தொடங்கியபோது நாங்கள் சந்தோசப்பட்டோம். கொழும்பு வானொலிகளில் நமதூர் மென்பந்து இறுதிப்போட்டியைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? தேசிய அணியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர். கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் ஆடுகிற பிள்ளையைப் பற்றிப் பேச ஒருவரும் இருக்கவில்லை. அந்த இடத்தை இந்த நிகழ்ச்சி நிரப்பியது. நேயர்கள் தொலைபேசியில் வந்து பேசலாம் என்றபோது இன்னும் சந்தோசம். சாப்பாட்டை முடித்துவிட்டுப் போனைச் சுற்றி இருந்து கேட்ட வீடுகள் எத்தனையோ.

இப்போது என்ன நடக்கிறது?

நேயர் ஒருவர் கோல் எடுக்கிறார். ஸலாம் சொல்லி முடியவில்லை, அறிவிப்பாளரின் முதல் கேள்வி வருகிறது: "நீங்க எந்தக் கழகம்?" என்ன சொல்ல வருகிறார் என்பது பிறகு. எந்தக் கழகம் என்று தெரிந்தால்தான் அவரை எப்படிக் கையாள்வது என்று முடிவெடுக்கலாம். தனக்குப் பிடித்த கழகமென்றால் ஐந்து நிமிடம், சிரிப்பு, "மாஷா அல்லாஹ் நல்ல கேள்வி". மற்றக் கழகமென்றால் இரண்டாவது வசனத்திலேயே "லைன் கிளியர் இல்ல காக்கா". அடுத்த நொடி லைன் கட். கட் பண்ணிய பிறகு அந்த மனிதர் சொல்லாததையெல்லாம் சொன்னதாக வைத்து அவருக்குப் பதில். பதில் சொல்ல அவர் லைனில் இல்லை. வெளிநாட்டிலிருந்து காத்திருந்து எடுத்த கோலுக்கும் இதே கதிதான்.

நமதூரில் ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு உதைபந்தாடிய மூத்தவர் ஒருவர் கோல் எடுத்தார். சிறுவர் அணிக்குக் கோல்காப்பாளர் பயிற்சி கொடுக்க ஆளில்லை, தான் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கத் தயார் என்று சொல்லத்தான் எடுத்தார். பேச்சு கொஞ்சம் மெதுவாக வந்தது. "காக்கா, உங்கட காலத்துக் கதைக்குத் தனி நிகழ்ச்சி வைப்பம்" என்று சொல்லிச் சிரித்து லைனை வெட்டினார் அறிவிப்பாளர். அந்த மனிதர் என்ன சொல்ல வந்தார் என்பதே ஊருக்குத் தெரியாது. பள்ளிவாசல் முற்றத்தில் அவரைச் சந்தித்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

தாய் ஒருவர் கோல் எடுத்தார். பெண்பிள்ளைகளின் வலைப்பந்து அணிக்குப் பாடசாலை வளவுக்குள்ளேயே மறைப்புக் கட்டித் தந்தால் பிள்ளைகள் வசதியாகப் பயிற்சி செய்வார்கள் என்பது அவருடைய கோரிக்கை. மார்க்க வரம்புக்குள் நின்று நாகரிகமாகக் கேட்டார். கிடைத்த பதில் சமையலறைப் பகிடி. அதன் பிறகு இன்றுவரை ஒரு பெண் நேயரின் குரலும் அந்த நிகழ்ச்சியில் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியாததற்கு வருகிறோம்.

கடந்த சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம். கடைசிக்கு முந்திய ஓவரில் ஒரு பிள்ளை பிடியைத் தவறவிட்டான். பதினோராம் தரம் படிக்கிற பிள்ளை. பெரியவர்களின் அணியில் ஆள் குறைய, இடையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவன். அணி தோற்றது. அந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முழுவதும் அவன்தான். அவனுக்கு "ஓட்டை வாளி" என்று பெயர் வைத்தார் அறிவிப்பாளர். பெயரைச் சொல்லி, வாப்பாவின் பெயரைச் சொல்லி, எந்த ஒழுங்கை என்றும் சொன்னார். பிறகு "ஓட்டை வாளிக்கு யார் யார் ஈயம் பூசலாம், கோல் எடுங்க" என்று நேயர்களுக்குப் போட்டி வேறு வைத்தார்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு முன்பே பாடசாலை முழுவதும் அந்தப் பெயர். ஆறாம் தரத்துப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் யாரோ உண்மையான வாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இரண்டு வாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் இது. வந்த பிறகும் மைதானப் பக்கம் தலை வைப்பதில்லை. அஸருக்குப் பிறகு துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை இன்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கிறான் என்று அவனுடைய உம்மா வந்து அழுதார். வாப்பா வெளிநாட்டில். அறையிலிருந்த கூட்டாளிமாரோடு சேர்ந்து ஊர் நிகழ்ச்சி கேட்கலாமென்று போனைச் சத்தமாக வைத்திருந்தாராம். தன் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்கப்படுவதை அத்தனை பேருக்கு நடுவில் அவர் கேட்டார்.

அறிவிப்பாளர் சகோதரரே, இதற்குப் பெயர் விமர்சனமா? ஸூரத்துல் ஹுஜுராத்தின் பதினோராம் வசனம், ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. நமதூரில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நிகழ்ச்சியை பிஸ்மியோடு தொடங்கி ஸலவாத்தோடு முடிக்கிறீர்கள். இடையில் உள்ள ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் அந்த வசனம் பொருந்தாதா?

அதோடு, உங்கள் கணக்கும் பிழை. அந்த ஆட்டத்தில் நமதணி உதிரியாகக் கொடுத்த ஓட்டங்களே தோல்வி வித்தியாசத்தை விட அதிகம். முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் தேவையில்லாமல் ஓடி ரன் அவுட் ஆனார்கள். ஓட்டப் புத்தகம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அந்தப் பெரியவர்களைப் பற்றி நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் அறிவிப்பாளரின் கூட்டாளி. மற்றவரின் கடை விளம்பரம் நிகழ்ச்சியின் நடுவில் போகிறது. கோபத்தைக் கொட்டுவதற்கு யார் மிச்சம்? திருப்பிப் பேச முடியாத பதினாறு வயதுப் பிள்ளை.

இது நமதூரில் மட்டும் நடப்பதல்ல. நேயர்கள் கோல் எடுத்து விளையாட்டைப் பற்றிச் சண்டை பிடிக்கும் இந்த நிகழ்ச்சி வடிவமே அமெரிக்காவில் வளர்ந்தது. நியூயோர்க்கில் 1987 ஜூலை 1ஆம் திகதி, 24 மணிநேரமும் விளையாட்டு மட்டுமே பேசும் வானொலி ஒன்று தொடங்கியது. அவர்களுக்கு நமக்குக் கிரிக்கெட் போல பேஸ்போல். ஊர் அணி தோற்ற இரவில் ரசிகர்கள் கோல் எடுத்துக் குமுறுவதும், அறிவிப்பாளர் அவர்களை ஏசி லைனை வெட்டுவதும் அங்கே பழகிப்போன காட்சி. அப்படிப்பட்ட ஊர்களில் ஒரு பிழை மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

1986ஆம் ஆண்டு பேஸ்போல் இறுதித் தொடர். பொஸ்டன் அணி 1918க்குப் பிறகு கிண்ணமே வெல்லவில்லை. ஆறாவது ஆட்டத்தில் இன்னும் ஒரே ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம் கையில். அந்த இடத்தில் தடுமாறினார்கள். கடைசியில் பில் பக்னர் என்ற வீரரின் கால்களுக்கிடையில் பந்து போய், நியூயோர்க் அணி வென்றது. பந்து அவரிடம் வருவதற்கு முன்பே பொஸ்டன் தன் முன்னிலையை இழந்து ஆட்டம் சமநிலையாகியிருந்தது. அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டம் ஒன்றும் இருந்தது. அதில் பொஸ்டன் மூன்று ஓட்டங்கள் முன்னிலை பெற்றும் தோற்றது. அதையெல்லாம் ஊர் மறந்தது. 22 பருவகாலங்கள் ஆடி, 2,700க்கு மேற்பட்ட தடவைகள் பந்தை வெற்றிகரமாக அடித்த மனிதரை அந்த ஒரு பந்தால் மட்டும் நினைவில் வைத்தது. அவர் பிறகு குடும்பத்தோடு தூரத்து ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விட்டார். 2008இல்தான் பொஸ்டன் மைதானத்துக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டினார்கள். அதற்கு 22 வருடங்கள் போயின.

2003இல் சிகாகோவில் நடந்தது இன்னும் மோசம். அங்கே பலியானவர் வீரர்கூட இல்லை, ஒரு ரசிகர். சொந்த அணிக்காகவே மைதானத்துக்கு வந்தவர். காதில் கருவி மாட்டி வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர். எல்லைக்கு வந்த பந்தை எட்டிப் பிடிக்கப் பலர் கை நீட்டினார்கள். இவருடைய கையில் பட்டது. அணியின் வீரருக்குப் பிடிக்க முடியவில்லை. அப்போது சிகாகோ மூன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றது. பிறகு அவர்களின் களத்தடுப்பாளர் சுலபமான பந்தொன்றைக் கோட்டை விட்டார், பந்துவீச்சு உடைந்தது, அந்த ஒரே பகுதியில் எதிரணி எட்டு ஓட்டங்கள் எடுத்தது. பழி மட்டும் அந்த ரசிகரின் தலையில். பாதுகாவலர்கள் மறைத்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அடுத்த நாளே பெயர் ஊடகங்களில் வந்தது. அவர் வெளியுலகிலிருந்து மறைந்தார். அந்த அணி 2016இல் கிண்ணம் வென்ற பிறகு, 2017இல் வெற்றி மோதிரம் ஒன்றை அவருக்கும் கொடுத்தது. வானொலியை நேசித்துக் காதில் மாட்டிக்கொண்டு வந்த மனிதருக்கு ஊடகங்கள் செய்தது இதுதான்.

நமது நாட்டுக்கு வருவோம். மாவன் அத்தபத்து 1990 தொடக்கம் 1994 வரை மூன்று டெஸ்ட் போட்டிகள் ஆடினார். ஆறு இன்னிங்ஸ். ஐந்தில் பூச்சியம், ஒன்றில் ஒரே ஒரு ஓட்டம். மறுபடி சேர்க்கப்பட்ட பிறகு 5,500க்கு மேற்பட்ட டெஸ்ட் ஓட்டங்கள், 16 சதங்கள், அதில் ஆறு இரட்டைச் சதங்கள். அணித் தலைவராகவும் இருந்தார். அந்த ஆறு இன்னிங்ஸுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "முட்டைக் கடை" என்று பெயர் வைத்து ஊரே கோல் எடுத்துச் சிரித்திருந்தால் அந்த மனிதர் துடுப்பைத் தொட்டிருப்பாரா?

முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை நடுவர் பிழையென்று அறிவித்தபோது அர்ஜுன ரணதுங்க என்ன செய்தார்? 1999இல் அடிலெய்டில் முழு அணியையும் எல்லைக்கோடு வரை அழைத்துப் போய் நின்றார். என் வீரனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். அந்த முரளிதான் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். நம்மவன் பர்வீஸ் மஹ்ரூப் 2006 சம்பியன்ஸ் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்த நாளில் இந்த ஊரே சிரித்தது. அவரும் ஒரு காலத்தில் பாடசாலைப் பிள்ளைதான். பிடிகளை விட்டிருப்பார், ஓட்டங்களைக் கொடுத்திருப்பார். யாரோ பொறுத்திருந்தார்கள், அதனால்தான் அந்த நாள் வந்தது.

சரி, பிள்ளைகளை விட்டுவிட்டு யாரைக் கேட்க வேண்டும்? கேட்க வேண்டியவர்களை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்பதுதான் எங்களுடைய பெரிய கோபம்.

2023ஐ நினைத்துப் பாருங்கள். செப்டெம்பரில் கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். நவம்பரில் மும்பையில் உலகக் கிண்ணத்தில் 55க்கு மறுபடியும். இரண்டு வாரமும் உங்கள் நிகழ்ச்சியில் வீரர்களுக்கு ஏச்சு. அதற்குப் பிறகு நடந்தது என்ன? நிர்வாகத்தில் அரசியல் தலையீடு என்று நவம்பர் 10ஆம் திகதி ஐ.சி.சி. நமது கிரிக்கெட் சபையையே இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. சொந்த மண்ணில் உலகக் கிண்ணம் ஆடக் கனவு கண்ட பிள்ளைகள் பெரியவர்களின் சண்டைக்கு விலை கொடுத்தார்கள். அதே 2023 ஜனவரியில் பீஃபா நமது உதைபந்தாட்ட சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. இவை இரண்டும் வீரர்களின் கையால் நடந்தவை அல்ல. ஆனால் இவற்றைப் பற்றி ஒரு முழு நிகழ்ச்சியும் நீங்கள் செய்யவில்லை. ஒரு நேயர் கேட்டபோது "அதெல்லாம் அரசியல், நாம விளையாட்டப் பேசுவம்" என்றீர்கள். லைன் கட்.

நமதூரிலும் அதே கதைதான். நமது மைதானத்தின் நிலைமை என்ன? மாரி மழை தொடங்கினால் ஐப்பசியிலிருந்து தை வரை முழங்கால் தண்ணீர். வடிகானுக்கு அளந்துவிட்டுப் போனவர்களை மறுபடி காணவில்லை. பெருநாள் முடிந்தால் கார்னிவல். தேர்தல் வந்தால் மேடை. அவர்கள் போன பிறகு கூடாரம் அடித்த குழிகளும் துருப்பிடித்த ஆணிகளும் பிள்ளைகளின் பாதத்துக்கு. மைதானத்தை வாடகைக்கு விட்ட காசு எங்கே போகிறது? அதில் எத்தனை ரூபாய் மண் நிரப்ப, எத்தனை ரூபாய் வலைக்கு? சுற்றுப்போட்டிக்கு அனுசரணை தருபவர்கள் கொடுத்த பணத்துக்குக் கணக்கு யாரிடம் இருக்கிறது? மைதானத்துக் கேற்றின் திறப்பு ஏன் ஒரு கழகத்தின் கையில் மட்டும்?

அந்தப் பிள்ளை பிடியை விட்டதும் இந்த மைதானத்தில்தான். குழிகளைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டிய எல்லைப் பக்கம். கண் பந்தில் இருக்க வேண்டிய நேரத்தில் காலடியில் இருக்கிறது. நிகழ்ச்சியில் அதை யாராவது சொன்னார்களா?

இதைக் கேட்க பெரிய தைரியம் ஒன்றும் தேவையில்லை, சகோதரரே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இலங்கைப் பிரஜை எவரும் பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் மேன்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. மைதான வாடகைக் கணக்கைக் கேட்டு வாங்கி அதை நிகழ்ச்சியில் வாசித்தாலே போதும், ஊரே உங்கள் பின்னால் நிற்கும். ஆனால் அந்தக் கணக்குக்குப் பொறுப்பானவர்கள் உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தால் "கௌரவ அதிதி". அவர்களுக்கு மாலை, பிள்ளைக்கு வாளி.

இனி, எங்களுக்குச் சொல்லப்படும் பதில்கள்.

"விமர்சனத்தைத் தாங்க ஏலாதவன் விளையாட வரக்கூடாது" என்கிறீர்கள். விமர்சனத்தை நாங்களும் செய்கிறோம். ஆசிரியர்களின் தொழிலே அதுதான். வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பிழைகளுக்குச் சிவப்பு மையில் கோடு போடுகிறோம். ஆனால் பிழைக்குப் பக்கத்தில் சரியானதை எழுதுகிறோம். பிள்ளையின் விடைத்தாளை ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்டுவதில்லை. உயரப் பந்துக்கு எப்படி நிற்க வேண்டும், பந்துக்குக் கீழே எப்போது போக வேண்டும், கையை எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு பயிற்றுவிப்பாளரை அழைத்துப் பத்து நிமிடம் பேச வைத்திருந்தால் அது விமர்சனம். அந்தப் பிள்ளையும் கேட்டிருப்பான்.

"நேயர்கள் விரும்புறாங்க, கேட்கிற ஆக்களின் தொகை கூடியிருக்கு" என்கிறீர்கள். தெருவில் இரண்டு பேர் சண்டை பிடித்தாலும் கூட்டம் கூடும். சண்டை நல்லது என்று அதற்குப் பொருளல்ல.

"நான் சம்பளம் வாங்காமல் சேவை செய்கிறேன்" என்கிறீர்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவான். சேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. நமதூரில் ஜனாஸா சுமப்பவரும் சம்பளம் வாங்குவதில்லை. அதற்காக வழியில் போகிறவரை இடித்துக்கொண்டு போவதில்லை.

கடைசியாக, எல்லோரும் எங்களிடம் கேட்பது: "பிடிக்காட்டி ஏன் கேக்கிறீங்க? ஓஃப் பண்ணிட்டுப் போங்களேன்." நல்ல கேள்வி. ஓஃப் பண்ணியும் பார்த்தோம். முடியவில்லை. ஏனென்றால் நமதூர் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் ஒரே மணித்தியாலம் அதுதான். வெளிநாட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த ஒரு மணித்தியாலத்துக்காக வாரம் முழுவதும் காத்திருக்கும் தம்பிக்கு நமதூர் மைதானம் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. வேறு கடையில்லாத ஊரில் பழுதான மீனை விற்றுவிட்டு, பிடிக்காட்டி வாங்காதே என்று சொல்வது நியாயமா? அதோடு, நாங்கள் ஓஃப் பண்ணினால் மட்டும் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையை "ஓட்டை வாளி" என்று கூப்பிடும் வாய்கள் மூடிக்கொள்ளுமா?

இந்த நாட்டில் தமிழ் வானொலிக்கு ஒரு பெயர் இருந்தது என்பதையும் ஞாபகப்படுத்துகிறோம். இலங்கை வானொலியை இந்தியக் கரையிலும் காது கொடுத்துக் கேட்டார்கள். நமது பி.எச். அப்துல் ஹமீட் அவர்களின் குரலுக்கு உலகெங்கும் தமிழர்கள் இடம் கொடுத்தார்கள். நேயருக்கு மரியாதை கொடுத்துப் பேசிய குரல் அது. பாட்டில் தடுமாறிய போட்டியாளரைச் சபை நடுவே சிறுமைப்படுத்தாமல் அனுப்பிவைத்த குரல். மைக்கைப் பிடித்த நம்மவர்களில் அப்படி ஒரு முன்மாதிரி இருக்கும்போது வேறெங்கும் போய்த் தேடத் தேவையில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவைதான்:

1. 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையின் பெயரையும் பிழைக்காக நிகழ்ச்சியில் சொல்லக்கூடாது. பாராட்டுவதற்குத் தாராளமாகச் சொல்லுங்கள். பட்டப்பெயர் யாருக்கும் வேண்டாம், பெரியவர்களுக்கும்தான்.

2. கோல் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் இடையூறில்லாமல் கொடுங்கள். "எந்தக் கழகம்" என்ற கேள்வியை விடுங்கள். லைனை வெட்டிய பிறகு அந்த நேயருக்குப் பதில் சொல்லாதீர்கள். அவர் லைனில் இருக்கும்போது சொல்லுங்கள்.

3. நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருபவர்கள் யார், அறிவிப்பாளர் எந்தக் கழகத்தின் அங்கத்தவர் என்பதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் சொல்லுங்கள். அங்கத்தவராக இருப்பது குற்றமல்ல. மறைப்பதுதான் பிரச்சினை.

4. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்துக்கும் பணத்துக்கும் பொறுப்பானவர்களை அழைத்து நேயர்களின் கேள்விக்கு விடுங்கள். வர மறுத்தால், மறுத்தார்கள் என்று சொல்லுங்கள். தகவல் அறியும் விண்ணப்பத்தை எழுதித் தர எங்களில் நான்கு பேர் தயார். கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டால் போதும். உங்களுக்குச் சங்கடமென்றால் அதையும் நாங்களே போடுகிறோம், பதிலை வாசித்தால் சரி.

5. மாதத்தில் அரை மணித்தியாலம் பாடசாலை விளையாட்டுக்கு. பெண்பிள்ளைகளின் வலைப்பந்தும் மெய்வல்லுநர் போட்டிகளும் அதில் சேர வேண்டும். தாய்மாரின் கோல்களுக்கு ஒரு ஆசிரியை பதில் சொல்ல ஏற்பாடு செய்யலாம்.

6. அந்தப் பிள்ளையிடமும் அவனுடைய பெற்றோரிடமும் மன்னிப்பு. பெயரைச் சொல்லாமல், "நான் வைத்த பட்டப்பெயர் பிழை, யாரும் அதைப் பாவிக்க வேண்டாம்" என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னால் போதும். பத்து செக்கன் வேலை. அதைச் சொல்லும்போது எந்த லைனும் கட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆறும் நடந்தால் நாங்களே அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்வோம். நடக்காவிட்டால், அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன் கழகங்கள் எல்லாவற்றையும் கூட்டி, வீரர்களும் பயிற்றுவிப்பாளர்களும் அந்த நிகழ்ச்சியில் பேசுவதில்லை என்று தீர்மானம் எடுக்கும்படி கேட்போம். மூன்று கழகங்களின் நிர்வாகிகள் இதற்கு ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். மிரட்டல் என்று எடுக்க வேண்டாம். பேசும் உரிமை உங்களுக்கு இருப்பதுபோல் பேசாமல் இருக்கும் உரிமை எங்களுக்கும் இருக்கிறது.

கருத்திட வரும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். அறிவிப்பாளரை ஏச வேண்டாம். அவருடைய குடும்பத்தை இழுக்க வேண்டாம். அவருக்குப் பட்டப்பெயர் வைக்க வேண்டாம். அப்படியான கருத்துகளை உடனே அழித்துவிடுவோம். அந்தப் பிள்ளையின் பெயரையும் யாரும் எழுத வேண்டாம். உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எப்போது கோல் எடுத்தீர்கள், என்ன சொல்ல வந்தீர்கள், எந்த வார்த்தையில் லைன் போனது. அவற்றைத் தொகுத்து வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வானொலி நிர்வாகத்திடம் நேரில் கையளிப்போம்.

மைதானத்தில் இன்று அஸருக்குப் பிறகும் பிள்ளைகள் ஆடுவார்கள். பந்து உயரப் போகும். யாராவது ஒருவன் விடுவான். "பரவாயில்லடா, அடுத்ததப் புடி" என்று சொல்ல அவனுக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.